நீல டியூபா, கறுப்பு ஹோஸா?

கேள்வி: என் பழைய மாருதி 800-ல் வேக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் குழாய்) வெடித்து, ஐடிலில் வண்டி உதறுகிறது. மார்த்தாண்டம் கடையில் நீல சிலிக்கான் டியூப் தருகிறார்கள். போடலாமா? – குலசேகரம் வாசகர்

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் வேக்குவம் அட்வான்ஸுக்கு, அதாவது தீப்பொறி நேரத்தை மாத்துற அமைப்புக்குப் போற குழாய்க்கு, தாராளமா போடுங்க. 200 டிகிரி சூட்டுக்கும் சிலிக்கான் அசையாது. ஆனா ஆயிலோ பெட்ரோலோ பட்டா ஊறிப் பொதபொதன்னு ஆயிரும். அதனால பிசிவி லைனுக்கு, அதாவது இன்ஜினுக்குள்ள சேர்ற ஆயில் புகையைத் திருப்பி உறிஞ்சுற குழாய்க்கு, கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஹோஸ்தான். பிரேக் மிதியை லேசாக்குற பிரேக் பூஸ்டர் இருந்தா அதுக்குன்னே வரும் நூல் பின்னிய ஹோஸ் வாங்குங்க. சாதா டியூப் உறிஞ்சுற வேகத்துல ஒட்டிக்கிடும், மிதி கல்லாயிரும்.

அளவும் முக்கியம். தக்கலையில ஒருநாள் அவசரத்துல 4 மில்லிமீட்டர் முனைக்கு 6 மில்லிமீட்டர் டியூபைச் செருகி, கம்பி சுத்தி இறுக்கி அனுப்பினேன். வில்லுக்குறி தாண்டல, வண்டி இருமிச்சு. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.