டேங்கில் 200 பார், ரெகுலேட்டரில் எத்தனை?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏர் ரைஃபிள் பற்றியவை. என் மகளும் 10 மீட்டர் சுடுபவள் என்பதால், இதில் கைக்காசு இழந்த அனுபவம் எனக்கும் உண்டு.

மகனின் பயிற்சிக்கு ஏர் ரைஃபிள் பார்க்கிறோம். ரெகுலேட்டர் உள்ளதற்கு விலை அதிகம் சொல்கிறார்கள். அது அவசியமா? (கோவை)

போட்டிக்கு என்றால் அவசியம். ரைஃபிளின் டேங்கில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை காற்று அடைக்கிறோம். கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 90 மடங்கு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டேங்கில் அழுத்தம் இறங்கினாலும் சுடுவதற்குப் போகும் காற்றை ஒரே அழுத்தத்தில் வைப்பதுதான் ரெகுலேட்டர். அது இல்லாவிட்டால் பெல்லட்டின் (சின்ன ஈயக் குண்டின்) வேகமும் கூடவே மாறும். இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. வேகம் மாறினால் பையன் எவ்வளவு நன்றாகக் குறி பார்த்தும் பயனில்லை. பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் இல்லாமலே சமாளிக்கலாம். எதை வாங்கினாலும் 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். அதைத் தாண்டினால் ஆயுத உரிமம் வேண்டும்.

ரெகுலேட்டரில் ஒரு சின்னத் துளை வழியாகக் காற்று கசிந்தது. எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். இப்போது சரியாக இருக்கிறது. ஏதாவது பிரச்சினை வருமா? (திருச்சி)

வரும். இன்றே காற்றை இறக்கிவிட்டுச் சர்வீஸுக்குக் கொடுங்கள். அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறோம். ஏர் ரைஃபிள் டேங்குக்கு ரெகுலேட்டர் வடிவமைத்து, கல்லூரி லேத்தில் கடைந்து, பாதி விலைக்கு விற்கலாம் என்று திட்டம். வாங்குபவர் பக்கம் நின்று என்ன சொல்வீர்கள்? (சேலம்)

செய்யுங்கள். உள்ளூரில் நல்ல ரெகுலேட்டர் செய்ய ஆள் வேண்டும். ஆனால் விலைக்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

தத்துவம் எளிது. ஒரு பிஸ்டனை ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளி வழியைத் திறந்து வைக்கிறது. உள்ளே வந்த காற்று மறுபக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமமானதும் பிஸ்டனின் முனை, காற்று வரும் வழியின் வாயில் இருக்கும் சீட்டில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. பிஸ்டனின் முகம் ஒரு சதுர சென்டிமீட்டர், வெளியே 70 பார் வேண்டும் என்றால் ஸ்பிரிங் சுமார் 70 கிலோ தள்ள வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில் சுருள் ஸ்பிரிங்குக்கு அது எளிதல்ல. அதனால்தான் கிண்ணம் போல் குழிந்த வாஷர்களை எதிரும் புதிருமாக அடுக்குகிறார்கள்.

தகராறு எல்லாம் சீட்டில்தான். நான் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன். முதல் நாள் பிரமாதமாக இருந்தது. அப்புறம் மகள் பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு வந்தால் முதல் குண்டு மேலே போகும், இரண்டாவது சரியாக விழும். அவள் தன் மூச்சையும் நிற்கும் விதத்தையும் குறை சொல்லிக்கொண்டு மூன்று வாரம் அழுதாள். தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் கழற்றி, லென்ஸை என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் சீட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், பிஸ்டன் முனையில் கடைசலின் பிசிறு. அந்த வழியாகக் காற்று மெதுவாக ஊறி, ஓய்வு நேரத்தில் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. ரெகுலேட்டர் ஊறுகிறது என்று இதைத்தான் சொல்கிறார்கள். குழந்தைமேல் பழி போட்ட அந்தப் பிசிறை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் பிஸ்டன் முனையைக் கண்ணாடி போல மெருகேற்றாமல் யாருக்கும் விற்காதீர்கள்.

இனி அந்தத் துளை. ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து அழுத்தக் காற்று அங்கே நுழைந்தால் துளை வழியாக வெளியே போய்விடும், நமக்கும் தெரியவரும். துளையை அடைத்தால் அந்தக் காற்று ஸ்பிரிங்கோடு சேர்ந்து தள்ளி, வெளியேறும் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். திருச்சிக்காரர் செய்து வைத்திருப்பது இதைத்தான்.

சீட் முற்றிலும் போனால் டேங்கின் 200 பாரும் அடுத்த அறைக்கு வரும். அந்த அறை அதைத் தாங்க வேண்டும், அல்லது முன்கூட்டியே கிழிந்து காற்றை விடும் பாதுகாப்புத் தகடு இருக்க வேண்டும். உடல் பாகத்தின் முதல் சோதனையைத் தண்ணீரில் செய்யுங்கள், உபயோக அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில். தண்ணீர் அமுங்காது, உடைந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். காற்றென்றால் துண்டுகள் பறக்கும். இதைப் பேராசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். டேங்கை நீங்களே கடையும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அழுத்தச் சிலிண்டருக்குத் தனி விதிகளும் அரசு அனுமதியும் உண்டு.

கடைசியாக, பெட்டியில் எண்களைப் போடுங்கள்: உள்ளே அதிகபட்சம் எத்தனை பார், வெளியே எத்தனை, ஒரு மணி நேரம் சும்மா வைத்தால் எவ்வளவு ஏறும். "உயர்தரம்" என்று மட்டும் அச்சடித்த பெட்டியை நம்பித்தான் நான் பணம் கொடுத்தேன்.

பழைய மேட்ச் (போட்டி) ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது. சிலிண்டரில் 2011 என்று இருக்கிறது. புதிதாக பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வாங்கலாமா? (மதுரை)

அந்தச் சிலிண்டரோடு வேண்டாம். மேட்ச் ரைஃபிள் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வைக்கும் ஆயுள் 10 வருடம். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்பது பன்னாட்டுப் போட்டி விதி. புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜனில் டேங்கை நிரப்பலாமா? பம்ப் அடித்துக் கை வலிக்கிறது. (ஈரோடு)

கூடவே கூடாது. உள்ளே துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் அழுத்த ஆக்ஸிஜனில் அது தீப்பிடித்து வெடிக்கும். உயிர் போகும். கை வலித்தால் கிளப்பில் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து காய்ந்த காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் ரெகுலேட்டர் வாங்கினேன். முதல் நாளே கசிந்தது. பில் தரவில்லை. "ஸ்போர்ட்ஸ் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லிவிட்டு இப்போது போனை எடுப்பதில்லை. கடை டெல்லியில். கணவர் இல்லாமல் தனியாகப் பிள்ளையை வளர்க்கிறேன். விட்டுவிடவா? (நாகர்கோவில்)

விடாதீர்கள் அம்மா. தப்பு உங்கள்மேல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பதும் அப்படித்தான். அதனால் தாமதிக்காமல் "திருப்பி அனுப்புகிறேன், பணம் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பணம் போனதற்கான வங்கிக் குறுஞ்செய்தி, அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, பார்சல் உறை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கசிவை வீடியோ எடுங்கள்: சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி நன்றாகத் தெரியும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து எழுதலாம்.