முட்டைப்பூச்சுச் சுவர் (கடிதம்)

அன்புள்ள அக்கா,
காரைக்குடி பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. இந்தப் பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லாரும் பணம் போட்டுப் புதுப்பித்தோம். முகப்பும், நடு முற்றத்தைச் சுற்றிய வளவும் பட்டி பார்த்து எமல்ஷன் பெயிண்ட் அடித்தாயிற்று. அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டு பொங்கலுக்குப் பிறகு. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்த செட்டிநாட்டு ஊர் என்பதில் எங்களுக்குப் பெருமை. முகப்பில் சீரியல் விளக்கு கட்டலாமா, அகல் மட்டும் போதுமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பி,

பூட்டிய வீட்டைத் திறந்து, பங்காளிகளை ஒரே வளவில் பொங்கல் வைக்கக் கூட்டியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்குத் திருஷ்டி சுற்றிப் போடவேண்டும். விளக்கு எதுவானாலும் கட்டுங்கள். தை பிறந்து நாலு நாளில் கழற்றிவிடலாம்.

எமல்ஷனைக் கழற்ற முடியுமா? போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சுவர் எப்படி வந்தது என்று வீட்டில் யாரையாவது கேட்டீர்களா? சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசுவார்கள். மேல்பூச்சுக்கு வெண்சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெள்ளையே அடிக்காமல் தலைமுறைகளாகப் பளபளக்கும். சித்திரை வெயிலில் வந்து முதுகைச் சாய்த்தால் சில்லென்றிருக்கும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியே போகிறது. எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல், அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் உப்புப் பூத்து, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும். சிமெண்ட் பூசினால் இதைவிட மோசம். யுனெஸ்கோ பட்டியலைச் சொல்லிப் பெருமைப்படுகிறீர்கள். அந்தப் பெருமையில் பாதி இந்தச் சுவர்களுடையது தம்பி.

எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பிக்க வந்த ஒப்பந்தக்காரர், பட்டி பிடிக்காது என்று முட்டைப்பூச்சை உளியால் கொத்தச் சொன்னார். நாங்களும் பேசாமல் இருந்தோம். எண்பது தாண்டிய அப்பத்தா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் நடுவீட்டுக் கோலம் போட உட்கார்ந்தவர், மூலையில் கிடந்த ஒரு சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டாவது ஐப்பசி மழையில் பெயிண்ட் உரிந்து தொங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை. சில்லு என் மேசையில் இருக்கிறது, இன்னும் வழவழப்பாக.

இரண்டாம் கட்டில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் போகும்போது ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அப்புறம், தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். வண்ணம் போய்விடும். முகப்பில் பட்டி பார்ப்பதற்கு முன் சுவரைக் கொத்தினார்களா என்று மட்டும் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.