பழைய ஸ்பாஞ்ச், புதிய தொட்டி

வணக்கம் சார்,

மீன் வளர்ப்பு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் பையன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று போன வாரம் இரண்டரை அடித் தொட்டி வாங்கினோம். ஏறத்தாழ 100 லிட்டர் பிடிக்கும். "தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஃபில்டரை ஓட விடுங்க, அப்புறம் மீன் விடலாம்" என்றார் கடைக்காரர். ஒரு பாக்டீரியா பாட்டிலும் கொடுத்தார். நீங்களோ புதுத் தொட்டி தயாராக ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும் என்று எழுதியிருந்தீர்கள்.

திருமங்கலத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன் இரண்டு வருடமாக மீன் வளர்க்கிறார். அவர் தொட்டியில் முப்பது கப்பி மீன் இருக்கும். ஃபில்டரில் இரண்டு ஸ்பாஞ்ச். "அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போ, அன்னைக்கே மீன் விடலாம்" என்கிறார். எங்களுக்கு நான்கு கோல்டு ஃபிஷ் விட ஆசை. அந்த ஸ்பாஞ்ச் ஒரே கறுப்புச் சேறாக இருக்கிறது. கழுவி எடுத்து வரலாமா? அவர் தொட்டித் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்தால் நல்லதா? வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றலாம் என்று இருக்கிறேன்.

ஒரு வாசகி, மதுரை

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சை வைத்துப் புதுத் தொட்டியைத் தொடங்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. ஆனால் 'அன்றைக்கே மீன்' என்றால் எந்த மீன், எத்தனை மீன் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நான்கு கோல்டு ஃபிஷ் அன்றைக்கே வேண்டாம்.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்ச உணவும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், செவுள் பழுப்பாகும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். சைக்கிளிங் என்று நாம் சொல்வது இந்த இரண்டு வகையும் போதுமான அளவு பெருகும் வரை காத்திருப்பதைத்தான்.

நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்புப் புத்தகங்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998இல் டிமத்தி ஹோவானெக்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். 2015இல் இன்னொரு ஆச்சரியம். அம்மோனியாவை நைட்ரேட் வரைக்கும் தான் ஒன்றே தனியாகக் கொண்டுபோகும் நைட்ரோஸ்பைரா இருப்பது தெரியவந்தது. நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழகக் குழுவுக்கு அது கிடைத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரில். உங்கள் அண்ணன் வீட்டு ஸ்பாஞ்சில் இருக்கும் கறுப்புச் சேற்றைப் பற்றி நான் இவ்வளவு மரியாதையோடு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா ஒரே இரவில் பாலை மாற்றிவிடுகிறது. இவை இரட்டிப்பாகவே நல்ல சூழ்நிலையில்கூட ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். ஒன்று ஆயிரமாக ஆவதற்குப் பத்து முறை இரட்டிக்க வேண்டும், லட்சமாக வேண்டுமென்றால் பதினேழு முறை. ஒன்றுமில்லாத தொட்டியில் வாரக்கணக்கில் ஆவது அதனால்தான். பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவரும்போது அந்த இரட்டிப்புகளில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஸ்பாஞ்சில் எத்தனை பாக்டீரியா இருக்கும்? அங்கே கிடைத்த அம்மோனியா எத்தனைக்குச் சாப்பாடு போடுமோ அத்தனைதான். இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. "தொட்டி சைக்கிள் ஆகிவிட்டதா?" என்று கேட்கிறார்கள். எவ்வளவு உணவுக்கு சைக்கிள் ஆகியிருக்கிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அம்மோனியா வருவது கடைசியில் நாம் போடும் உணவிலிருந்து. மீன் பண்ணைகளில் ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நீங்கள் போடும் ஒரு கிராம் உணவு 30 மில்லிகிராம் அம்மோனியா. 100 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். உங்கள் அண்ணன் கப்பிகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறார் என்று கேளுங்கள். காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை இருக்கும். அதில் பாதிக்குப் பழகிய பாக்டீரியாதான் இரண்டு ஸ்பாஞ்சில் ஒன்றில் இருக்கும். கோல்டு ஃபிஷ் ஒவ்வொன்றும் பல கப்பிகளின் எடை. சாப்பிடுவதும் அதற்கேற்ப. நான்கை ஒரே நாளில் விட்டால் ஸ்பாஞ்ச் தோற்றுப்போகும், நீங்கள் "பழைய ஃபில்டர் போட்டும் மீன் செத்துப்போச்சு" என்பீர்கள்.

அதனால் மீன் இல்லாமலே முதலில் ஸ்பாஞ்சுக்குச் சாப்பாடு போட்டுச் சோதித்துவிடுங்கள். "ரெண்டு கப்பியை விட்டுப் பாருங்க, செத்தா வேற வாங்கிக்கலாம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. உங்கள் பையன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அதுவாக இருக்கக் கூடாது.

ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் அம்மோனியம் குளோரைடு கிடைக்கும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதேதான் என்றாலும் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, வேண்டாம். 0.3 கிராமை வீட்டுத் தராசில் நிறுப்பது கஷ்டம். 3 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 10 மில்லி தொட்டியில் ஊற்றுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா அளவுக்கு வரும். பாட்டிலில் பெயர் எழுதிப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தினமும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் பாருங்கள். முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முதல் தடவை அது குறைந்து முடிய ஐந்தாறு நாள்கூட ஆகலாம். முடிந்ததும் மறுபடி 10 மில்லி. ஊற்றி 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யமாகிவிட்டால், மேலே சொன்ன கணக்குப்படி அந்தத் தொட்டி ஒரு நாளைக்குச் சுமார் 3 கிராம் உணவின் அம்மோனியாவைத் தாங்கும். இரண்டு சின்ன கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது தாராளம். அன்று பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் இந்த நிலைக்கு வந்துவிடலாம், ஒன்றரை மாதம் வேண்டாம்.

சரி, ஸ்பாஞ்சைக் கழுவலாமா என்றீர்கள். குழாயடியில் காட்டவே காட்டாதீர்கள். மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் நுண்ணுயிரைக் கொல்வதற்காகவே போடப்படுவது. ரொம்ப அடைத்திருந்தால் அண்ணன் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் லேசாக இரண்டு முறை அமுக்கி எடுங்கள். அழுக்கின் உதிரிப் பகுதி போய்விடும், பாக்டீரியா ஸ்பாஞ்சின் இழைகளில் பசைபோல ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கேயே இருக்கும். அந்தத் தொட்டித் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவருவதால் பெரிய பயன் இல்லை. தண்ணீரில் மிதப்பவை மிகக் கொஞ்சம். ஸ்பாஞ்ச் நனைந்திருக்கும் அளவுக்குத் தண்ணீர் வந்தால் போதும்.

வழியில் ஸ்பாஞ்ச் காயக் கூடாது, மூச்சுத் திணறவும் கூடாது. இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். மூடிய டப்பாவில் தண்ணீரை முழுக்க நிரப்பி வைத்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். மூடியில்லாத வாளியோ, பாதிக்கு மேல் காற்று உள்ள பையோ நல்லது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும் நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் வெயிலில் நிற்கும் கார் டிக்கிக்குள் வைத்துவிட்டு வழியில் கடைக்குப் போகாதீர்கள். புதுத் தொட்டி முந்தின நாளே தயாராக, தண்ணீர் ஊற்றி, ஆன்டி குளோரின் போட்டு, ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் வந்ததும் நேராக உள்ளே.

ஆர்.ஓ. தண்ணீர் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஆர்.ஓ. மட்டும் ஊற்றினால் இத்தனையும் பாதியில் நின்றுவிடக்கூடும். ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போதும் தண்ணீரில் உள்ள காரத்தன்மையில் (அமிலத்தைத் தாங்கும் இருப்பில்), கால்சியம் கார்பனேட் கணக்கில், சுமார் 7 மில்லிகிராம் செலவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் அந்த இருப்பு கிட்டத்தட்ட இல்லை. பிஎச் சரியும், 6 பக்கம் போனால் பாக்டீரியா வேலையை நிறுத்திக்கொள்ளும். ஸ்பாஞ்ச் செத்துவிட்டது என்று நினைத்து வேறு ஸ்பாஞ்ச் தேடிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும். போர் தண்ணீரையோ மாநகராட்சித் தண்ணீரையோ ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் ஆர்.ஓ. கொஞ்சம் கலந்துகொள்ளலாம். ஒரு துணிப்பையில் கிளிஞ்சல் போட்டுத் தொட்டியில் தொங்கவிட்டாலும் பிஎச் சரியாமல் தாங்கும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கடினத் தண்ணீரில் பிஎச் உயர்ந்திருக்கும். அம்மோனியாவின் விஷமான வடிவம் 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் 6, 7 சதவீதம். ஆகவே மீன் விட்ட பிறகு டெஸ்ட் கிட்டில் அம்மோனியா லேசாக நிறம் காட்டினாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உணவை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் தண்ணீர் மாற்றுவதோடு 100 லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பையும் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். உங்கள் வீட்டிலோ அபார்ட்மென்ட்டிலோ சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டால் சில நாளைக்குத் தொட்டித் தண்ணீரை மாற்றவே வேண்டாம்.

பாட்டில் பாக்டீரியா வேலை செய்யுமா என்பது அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. ஸ்பாஞ்ச் இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

ஸ்பாஞ்சோடு நோயும் வரும் என்பதை மறக்காதீர்கள். கடந்த இரண்டு மாதத்தில் புது மீன் விட்டாரா, வெண்புள்ளி நோய் வந்ததா, காரணம் தெரியாமல் மீன் செத்ததா, மருந்து ஊற்றினாரா என்று அண்ணனிடம் கேளுங்கள். ஆம் என்றால் கொஞ்ச நாள் பொறுத்திருப்பது நல்லது. மெத்திலீன் புளூ இந்த பாக்டீரியாக்களையே கெடுக்கும். கடைத் தொட்டியின் ஸ்பாஞ்சை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். வாராவாரம் புது மீன் வந்து போகும் தொட்டி அது.

நான்கு கோல்டு ஃபிஷ் என்பதைப் பையனிடம் பேசி இரண்டாகக் குறையுங்கள். வளர்ந்தால் 100 லிட்டரில் இரண்டே நெருக்கம். மதுரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது ஆக்சிஜனும் குறையும். புது ஸ்பாஞ்ச் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே முதல் நாளிலிருந்து ஓடவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் அதிலும் பாக்டீரியா குடியேறியிருக்கும், அப்புறம் அண்ணனுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஸ்பாஞ்சை எடுத்ததும் அவர் தொட்டியில் பாதி பாக்டீரியா குறைந்திருக்கும். எடுத்த இடத்தில் அன்றே வேறு ஸ்பாஞ்ச் மாட்டச் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குக் கப்பிகளுக்கு உணவைப் பாதியாக்கச் சொல்லுங்கள். இருக்கும் இன்னொரு ஸ்பாஞ்சை அந்த வாரம் அவர் தொடவே கூடாது.