மீந்த சோற்றுக்கு என்ன வழி? கேள்வி பதில்

மதுரையில் ஒரு மகளிர் விடுதியின் சமையலறையை 22 வருடம் பார்த்துக்கொண்டேன். தினமும் முந்நூறு பேருக்கு உலை. சாப்பாட்டை வீணாக்காமல் சமைப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லீஸ் நகர்: அக்கா, நாங்க நாலு பேர். தினமும் ஒரு கிண்ணம் சோறு மிஞ்சுது. என்ன பண்ணலாம்?

ஏன் மிஞ்சுகிறது என்று முதலில் பாருங்கள் தங்கச்சி. விடுதியில் எச்சில் வாளியைத் தினமும் தராசில் வைப்பேன். அதைவிட அண்டா அடியில் நின்ற சோறுதான் எப்போதும் அதிகம். பிள்ளைகள் வீணாக்கவில்லை, நாங்கள்தான் அளவு தெரியாமல் போட்டோம். ஒரு வாரத்துக்கு எத்தனை டம்ளர் அரிசி போட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது, யார் சாப்பிடவில்லை என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வாருங்கள். வெள்ளிக்கிழமை மாமியார் விரதம், சனிக்கிழமை பையன் வெளியில் புரோட்டா என்று கணக்கு தானாகத் தெரிந்துவிடும். ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். மேலூர்ப் பக்கம் அது 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கொண்டுவந்த பெரியாற்றுத் தண்ணீர். கூடுதலாகப் போடும் ஒரு பிடிக்கும் அந்தத் தண்ணீர்தான் பாய்ந்திருக்கிறது.

திருமங்கலம்: பிரிட்ஜில் இட்லி மாவு எத்தனை நாள் தாங்கும்?

நன்றாகக் குளிரும் பிரிட்ஜில் நாலைந்து நாள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்து உப்பும் தண்ணீரும் சேருங்கள். மொத்தப் பாத்திரத்தையும் வெளியே வைத்து வைத்து எடுப்பதால்தான் சீக்கிரம் புளிக்கிறது.

வாடிப்பட்டி: மத்தியானச் சோத்துல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலையில பழைய சோறு. இதைவிட நல்ல வழி உண்டா?

பழைய சோறு நல்ல வழிதான். மத்தியானச் சோற்றில் வேண்டாம். சமைத்த சோறு சூடு தணிந்தும் தணியாமலும் மூடிக் கிடக்கும் நேரம்தான் ஆபத்து. அரிசியோடு வரும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சுற்றுலாவுக்கு விடிகாலை ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சாதம் கிளறி, ஆவி பறக்க அண்டாவில் அமுக்கி மூடி அனுப்பினோம். மதியம் ஒரு மணிக்குத் திறந்தபோது நடுவில் இன்னும் கை பொறுக்கும் சூடு இருந்ததாம். கெட்ட வாசனை கிடையாது. சாயங்காலத்துக்குள் பதினோரு பிள்ளைகளுக்கு வாந்தி. அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: சூடாற்றாமல் மூடாதீர்கள்.

அலங்காநல்லூர்: எங்க அப்பத்தா காலமெல்லாம் சோத்துல தண்ணி ஊத்தித்தான் வச்சாங்க. தொண்ணூறு வயசு வரை இருந்தாங்க. நீங்க ஊரைப் பயமுறுத்துறீங்க அக்கா.

அண்ணே, அப்பத்தா எத்தனை மணிக்குச் சோறு வடித்தார்கள்?

அலங்காநல்லூர்: விளக்கு வச்சப்புறம்தான். ஏழு மணி இருக்கும். விடியுமுன்ன குடிச்சிட்டு நடவுக்குப் போவாங்க.

அப்படிச் சொல்லுங்கள். ஏழுக்கு வடித்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குள் தண்ணீர் ஊற்றி, ஐந்து மணிக்குக் குடித்தாகிவிட்டது. நாம் பன்னிரண்டு மணிக்குக் குக்கரில் வைத்ததை அப்படியே மூடி, ராத்திரி பத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் ஒன்பதுக்குச் சாப்பிடுகிறோம். பெயர்தான் ஒன்று, கணக்கு வேறு.

அலங்காநல்லூர்: சரி, அவங்க சட்டியைச் சோப்புப் போட்டே கழுவ மாட்டாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்த மண்சட்டியில் நேற்றைய நீராகாரத்தின் புளிப்பு ஒட்டியிருக்கும். அதுதான் உறை. புளிப்பு சீக்கிரம் ஏறினால் கெட்ட கிருமிக்கு இடம் குறையும். இப்போது எவர்சில்வர் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்க்கிறோம், அதனால் ஒரு கரண்டி பழைய நீராகாரமோ மோரோ விடுங்கள். ராத்திரி வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் மூழ்க வையுங்கள். காலையில் இதமான புளிப்பு இருந்தால் சாப்பிடலாம். நூல் விட்டாலோ வழவழத்தாலோ கொட்டிவிடுங்கள்.

அவனியாபுரம்: மாவு எத்தனை நாள் வைக்கலாம்?

திருமங்கலத்துக்குச் சொன்னதுதான்.

பழங்காநத்தம்: சர்க்கரை நோய்க்குப் பழைய சோறு ஆகுமா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நான் சமையல்காரி.

உசிலம்பட்டி: காதுகுத்துக்கு அறுநூறு பேருக்குச் சொல்லி நானூறு பேர்தான் வந்தாங்க. மிச்சத்தை ஆசிரமத்துல வாங்க மாட்டேன்னுட்டாங்க.

அவர்கள் செய்தது சரி. எப்போது சமைத்தது, எப்படி வைத்திருந்தது என்று தெரியாமல் யாரும் வாங்கக்கூடாது. பந்திக்கு முன்பே பேசி வைத்து, இரண்டாம் பந்தி முடிந்ததும், மூடிக் கிடக்காமல் அங்கே உடனே பரிமாறும்படி, சூடு போகாமல் அனுப்புங்கள். ஆள் கணக்குக்குப் பத்திரிகையை எண்ணாதீர்கள். பங்காளி வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தில் எத்தனை இலை விழுந்தது என்று இலை போட்டவரிடம் கேளுங்கள். மொய் நோட்டில் பெயர் இருக்கும், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது இலைக்கட்டில்தான் தெரியும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், உலகத்தில் 2022-ல் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில். மண்டபத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

சோழவந்தான்: பாக்கெட்டில் தேதி தாண்டிய ரவையைத் தூக்கிப் போடணுமா?

'இதற்குள் பயன்படுத்தினால் சிறப்பு' என்றிருந்தால் அது ருசிக்கான தேதி. வண்டு, சிக்கு வாடை இல்லையென்றால் வறுத்து உப்புமா கிண்டுங்கள். 'காலாவதி' என்றிருந்தால் தொடாதீர்கள்.

பேரையூர்: கடலையில் ஓரமா பூஞ்சை. பொறுக்கிட்டு வறுக்கலாமா?

வேண்டாம். பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். வீணாக்காதே என்று நான் சொல்வது இதற்குப் பொருந்தாது.

கூடல்நகர்: அக்கா, மாவு...

நாலைந்து நாள், தனிப் பாத்திரம். மேலே இருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள். கூடவே, குருமாவைச் சூடாற்றாமல் மூடாதீர்கள்.

ஒத்தக்கடை: வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு மிச்சம் கொடுக்கிறோம். தப்பா?

எப்போது கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேற்று மிஞ்சி, இன்று நீங்கள் மோந்து பார்த்து ஒதுக்கியதைக் கொடுப்பது தப்பு, கடுமையாகவே சொல்கிறேன். காலையில் அவித்த இட்லியில் நாலு கூடுதல் என்று தெரிந்தால், அவர் வந்ததும் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். சரி என்றால், ஏழரை மணிக்கு அவித்தது என்று சொல்லி, சட்னியைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள்.