யார் அந்த புரோடி? குவாதலஹாராவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மெக்சிகோவின் குவாதலஹாரா வந்து மூன்று மாதமாகியும் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை, ஸ்பானிஷ் வகுப்பில் சொல்லித்தந்தது ஒன்றாகவும் இவர்கள் பேசுவது வேறாகவும் இருக்கிறது, திங்கட்கிழமையானால் எல்லோரும் 'புரோடி' என்று யாரையோ சொல்லிச் சிரிக்கிறார்கள், யார் அந்த ஆள், டிவி பார்த்தால் மொழி வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் செய்தி வேண்டாம், சீரியலும் வேண்டாம், கால்பந்து கமென்ட்ரி கேளுங்கள்.

அந்த புரோடியும் கமென்ட்ரி சொல்கிறவர்தான், பழைய கால்பந்து வீரர் ஹோர்ஹே காம்போஸ். எதிரில் வருகிறவரை எல்லாம் 'புரோடி' என்று கூப்பிடுவார், நாம் மச்சி என்பது மாதிரி, கடைசியில் அது அவருக்கே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1966இல் அகாபுல்கோவில் பிறந்தவர், கடலில் அலைச்சறுக்கு விளையாடி வளர்ந்த பையன். உயரம் ஐந்தரை அடிதான், ஆனால் வேலையோ கோல்கீப்பர்! மெக்சிகோ சிட்டி பல்கலைக்கழக அணியான பூமாஸில் சேர்ந்தபோது அங்கே ஏற்கனவே நல்ல கீப்பர் ஒருவர் இருந்தார், சும்மா பெஞ்சில் உட்காருவதற்குப் பதில் என்னை முன்வரிசையில் விடுங்கள் என்று போய் 1989-90 சீசனில் 14 கோல் அடித்தார். அடுத்த சீசனில் கீப்பராக நின்று அதே அணியோடு சாம்பியன். அதற்குப் பிறகும், ஆட்டத்தின் நடுவில் மாற்று கீப்பரை உள்ளே வரவழைத்துவிட்டு இவர் கோல் அடிக்க ஓடிவிடுவது உண்டு.

அவருடைய ஜெர்சியைத் தேடிப் பாருங்கள், கண் கூசும். ரோஸ், மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் கட்டம் கட்டமாக, கோணல்மாணலாக. அலைச்சறுக்குக்காரர்களின் உடையைப் பார்த்து அவரே வரைந்து தைக்கச் சொன்னது. என் ஆபீஸில் ஐம்பது வயது அக்கவுன்டன்ட் ஒருவர் இன்றும் அப்படி ஒன்றை வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு வருவார், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

1994 உலகக் கோப்பையில் பல்கேரியாவுடன் பெனால்டி வரை போன ஆட்டத்தில் எதிரணியின் முதல் உதையைத் தடுத்தவர் இவர்தான், ஆனாலும் மெக்சிகோ தோற்றது. 1996இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி அணிக்கு ஆடப்போனார். அந்த வருஷம் ஜூன் 16 அன்று ரோஸ் போல் மைதானத்தில் முதலில் அமெரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவின் கீப்பராக ஆடினார், அது முடிந்ததும் அதே மைதானத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு கேலக்சிக்காக முன்வரிசையில் இறங்கினார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், இரண்டு வேலை.

ஓய்வுக்குப் பிறகு டிவி அஸ்தெகா சேனலில் வர்ணனை. அங்கே கிறிஸ்தியான் மார்தினோலி என்கிறவர் பிரதான வர்ணனையாளர், பக்கத்தில் லூயிஸ் கார்சியா, அதே 1994 பல்கேரியா ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர். இவர்கள் கூட்டணிக்காகவே ஆட்டம் பார்க்கிறவர்கள் உண்டு. ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் ஆட்ட நுணுக்கம் பேசுவதில் காம்போஸ் பெரிய ஆள் இல்லை, கார்சியா அதில் எவ்வளவோ மேல். ஆனால் உங்களுக்கு வேண்டியது காம்போஸ்தான். சின்னச் சின்ன வாக்கியம், தெருவில் பேசும் ஸ்பானிஷ், மற்ற இருவரும் அவரைக் கலாய்ப்பார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பார். உங்கள் சாப்பாட்டு மேசையில் நடப்பதும் அதேதான்.

நான் 2012இல் வந்தேன். அடுத்த வருஷம் அக்டோபர் 15, என் தெருமுனை தாக்கோ கடையில் கெசதியா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மெக்சிகோ கோஸ்தாரிக்காவிடம் 2-1 தோற்றுக்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் பனாமா அமெரிக்காவை ஜெயித்துவிட்டால் உலகக் கோப்பைக் கனவே போச்சு. கடைசி நிமிடங்களில் அமெரிக்கா இரண்டு கோல் போட்டு பனாமாவை வீழ்த்தியது. கம்பியில் சுழலும் இறைச்சியைச் சீவிக்கொண்டிருந்தவர் கத்தியை அப்படியே பிடித்தபடி டிவியைப் பார்த்து நின்றார். மார்தினோலி தன் நாட்டு அணியையே பிடித்து ஏசினார்: நம்மைக் காப்பாற்றியது அமெரிக்கா, நீங்கள் இல்லை, இல்லவே இல்லை என்று. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதாலோ என்னவோ, ஸ்பானிஷில் ஒருவர் கோபமாகப் பேசியதை முதல் முறையாக மொழிபெயர்க்காமல் புரிந்துகொண்டேன். வாயில் கெசதியா ஆறிப்போனது வேறு விஷயம்.

இப்போது இரண்டு எச்சரிக்கை. 'வெய்' என்று ஒரு சொல் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும், எருது என்ற சொல்லிலிருந்து வந்தது, நம்ம டா, மச்சான் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சக வயதுக்காரர் உங்களை அப்படிக் கூப்பிடும் வரை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். சாப்பாட்டுக்கடை அம்மாவிடம் எப்போதும் 'உஸ்தெத்', அதாவது நீங்கள். அப்புறம், நீங்கள் சாதாரணமாக மிளகாய் காரமாக இருக்கிறது என்று சொன்னதற்கு மேசை முழுக்கச் சிரித்தால் அது 'அல்பூர்', இரட்டை அர்த்தம். விளக்கம் கேட்காதீர்கள், கூடச் சேர்ந்து சிரித்துவிடுங்கள், ஆறு மாதத்தில் தானாகப் புரியும், புரிந்த பிறகு இது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அஸ்தெகா 7 இலவசச் சேனல், சாதாரண ஆன்டெனா போதும்.

இந்த ஊர் அணிகளில் சீவாஸா, அத்லாஸா, எதை என் அணி என்று சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் வீட்டு ஓனரைக் கேளுங்கள். என் வீட்டு ஓனர் அத்லாஸ் ரசிகர். 1951க்குப் பிறகு 2021இல்தான் அவர்கள் லீக் கோப்பை வாங்கினார்கள், அன்று ராத்திரி மனுஷன் என் கதவைத் தட்டிக் கட்டிப்பிடித்து அழுதார், அந்த மாத வாடகையைக் கேட்க மறந்தேவிட்டார். பத்து நாள் கழித்து ஞாபகம் வந்துவிட்டது.