ஜாஸ் கேட்கத் தொடங்க எந்த இசைத்தட்டு? தலைவரை விட்டுவிட்டு பேஸ்காரரைப் பிடியுங்கள்

"ரசிகர்கள் பகிர்கிற ஜாஸ் பட்டியல்கள் மலைப்பாக இருக்கின்றன. எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது, எந்தப் பதிப்பை எடுப்பது?" என்பது கேள்வி.

பட்டியல்களில் குறையில்லை. அட்டையில் பெயர் போட்ட குழுத் தலைவரை வைத்து அடுக்கியிருப்பதுதான் தொல்லை. மைல்ஸ் டேவிஸ், அடுத்து சோனி ராலின்ஸ், அடுத்து மிங்கஸ் என்று தாவினால் எதுவும் எதோடும் ஒட்டாது. ஆனால் 1950களின் நியூயார்க்கில் ஒரே வட்டத்து ஆட்கள்தான் ஒருவர் பதிவில் இன்னொருவர் வாசித்தார்கள். பாடுவது யார் என்று பார்க்காமல் மிருதங்கம் யார் என்று பார்த்துக் கச்சேரிக்குப் போகிறவர்கள் நம்மிடம் உண்டல்லவா, அந்த வழியில் போங்கள். என் தேர்வு டபுள் பேஸ் (ஆளுயர வயலின் போன்ற, நின்றுகொண்டு விரலால் பறித்து வாசிக்கிற கருவி) கலைஞர் பால் சேம்பர்ஸ். 1935இல் பிறந்தார், 33 வயதில், 1969 ஜனவரியில் இறந்தார். அதற்குள் அவர் வாசித்து வைத்ததை மட்டும் கேட்டாலே அந்தக் காலத்தின் பாதி ஜாஸ் கைக்கு வந்துவிடும்.

முதலில் கருவி. டபுள் பேஸின் அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ், மேல் நரம்பைத் திறந்து வாசித்தால் 98 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் இது வரவே வராது. "ஜாஸ் என்றால் டிரம்பெட் கத்துகிறது, பின்னால் சிம்பல் இரைகிறது" என்கிற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. சாதாரண வயர் ஹெட்போன் போதும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றாதீர்கள்: அடி அதிர்வு ஊதிப்போய், விரல் நரம்பைப் பறிக்கிற ஓசையை மூடிவிடும். நீங்கள் பின்தொடர வேண்டியது அந்த விரலோசையைத்தான். ஆப்பில் ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

தொடக்கம் எல்லோரும் சொல்வதுதான்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் பதிவு. (இரண்டாவது நாள் சேம்பர்ஸின் 24ஆவது பிறந்தநாள்.) முதல் உருப்படி 'ஸோ வாட்'. அரை நிமிடம் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் பேசிக்கொள்ளும். பிறகு மெட்டை எடுப்பது பேஸ். மற்றவர்கள் இரண்டு அடியில் பதில் மட்டும் சொல்வார்கள். இப்படிப் பேஸ் மெட்டைச் சுமப்பது அபூர்வம், அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

இதன் கணக்கு நமக்கு எளிது. நான்கு அடி ஒரு பார். எட்டு பார் ஒரு பகுதி, அதாவது ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம். அப்படி நான்கு பகுதி சேர்ந்தால் ஒரு சுற்று. ஏறக்குறைய 57 வினாடி. முதல் இரண்டு பகுதியும் கடைசிப் பகுதியும் இரண்டு கட்டையில் கரகரப்பிரியா ஸ்வரங்கள். மூன்றாவது பகுதி மட்டும் அதே ஸ்வரங்களோடு இரண்டரைக் கட்டைக்கு ஏறி, திரும்ப இறங்கும். அந்த ஏற்றம் காதில் பட்டுவிட்டால் சோலோவுக்குள் (ஒருவர் முன்னால் வந்து கற்பனையாக வாசிக்கும் இடம்) தொலைந்து போக மாட்டீர்கள். டிரம்பெட்டில் டேவிஸ் இரண்டு சுற்று, சாக்சபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, இன்னொரு சாக்சபோனில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. ஸ்டீரியோவில் கோல்ட்ரேன் இடது காதில், ஆடர்லி வலது காதில்.

நம் காதுக்கு வருகிற தடங்கல் ஒன்று உண்டு. நாம் சமத்தில் அழுத்தித் தட்டுவோம். இங்கே டிரம்ஸின் ஹை-ஹாட் 'சிக்' என்று மூடுவது 2ஆம், 4ஆம் அடியில். முதல் அடியில் தட்டிக்கொண்டே கேட்டால் எல்லாம் ராணுவ நடைபோல விறைத்துவிடும். தட்டை 2, 4க்கு மாற்றுங்கள், பேஸ் தானாக நடக்கத் தொடங்கும்.

பதிப்பு விஷயத்தில் இந்த ஆல்பத்துக்குத் தனிச் சிக்கல். மார்ச் 2 அன்று மூல டேப் ஓடிய இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் போட்டபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி ஏறிப் போயின. பல பத்தாண்டுகள் உலகம் அப்படித்தான் கேட்டது. 1990களில்தான் மாற்று இயந்திரத்தின் டேப்பிலிருந்து திருத்தினார்கள். உங்களிடம் இருப்பது எது என்று அறிய, போனில் ஒரு சுருதிப் பெட்டி ஆப்பை இரண்டு கட்டையில் வைத்து 'ஸோ வாட்' போடுங்கள். முதல் இரண்டு பகுதியில் பேஸ் ஷட்ஜத்தோடு சேர்ந்தால் திருத்திய பதிப்பு. (மூன்றாவது பகுதியில் இடிக்கத்தான் செய்யும், பதறாதீர்கள்.) பழைய எல்பி சிலவற்றின் லேபிளில் இரண்டாம் பக்கப் பெயர்கள் மாறி அச்சாகியிருக்கும்: மூன்று மூன்றாக உருண்டு போவது 'ஆல் ப்ளூஸ்', மெட்டே இல்லாமல் மெதுவாகப் போவது 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்'.

அடுத்து சாக்சபோன்காரர் ஆர்ட் பெப்பரின் 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்'. 1957 ஜனவரி 19, லாஸ் ஏஞ்சலஸ். டேவிஸின் அப்போதைய பக்கவாத்தியம் அப்படியே: பியானோவில் ரெட் கார்லண்ட், பேஸில் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். ஸ்டீரியோ பதிப்பில் சாக்சபோன் ஒரு காதில், தாள அணி மறு காதில். ஒலிச் சமநிலையைத் தாள அணி இருக்கும் பக்கம் முழுக்கத் தள்ளி ஒருமுறை கேளுங்கள். பேஸ் எப்படிப் பாதை போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே ஆண்டு செப்டம்பர் 15இல் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்', பேஸ் சேம்பர்ஸ்தான். நியூஜெர்சி ஹாக்கென்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்தது. டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயது. ஊதுகருவிகள் முகத்துக்கு நேரே நிற்கும், பியானோ மட்டும் பெட்டிக்குள் அடைத்தாற்போல் கேட்கும். அது வான் கெல்டரின் கைவாகு, உங்கள் ஹெட்போனைக் குறை சொல்ல வேண்டாம். மோனோ பதிப்பு கிடைத்தால் அதையே எடுப்பேன். எல்பி தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டதால், மூல டேப்பைத் தொடாமல் சிடியிலிருந்து வெட்டிய மலிவு எல்பிகளும் புழங்குகின்றன. உறையில் எந்த டேப்பிலிருந்து, யார் மாஸ்டரிங் என்று ஒரு வரிகூட இல்லையென்றால் பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தைத் தலைப்பு உருப்படியிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்வரத்தளம், அதாவது ஷட்ஜம் நிற்கிற இடமே, அத்தனை வேகமாக மாறுகிறது. பியானோவில் டாமி ஃபிளனகன் போன்ற தேர்ந்த கையே சோலோவில் திணறுவது கேட்கும். 'நைமா'வில் நுழையுங்கள். முதற்பகுதி முழுக்க சேம்பர்ஸ் இரண்டரைக் கட்டை ஷட்ஜத்தை விடாமல் பிடித்திருப்பார். நடுப்பகுதியில் பஞ்சமத்துக்குப் போய் நின்று, மீண்டும் ஷட்ஜத்துக்கு வருவார். மேலே பியானோவின் ஸ்வரக்கூட்டுகள்தான் மாறிக்கொண்டிருக்கும். பிறகு 'மிஸ்டர் பி.சி.': சேம்பர்ஸ் பெயரிலேயே கோல்ட்ரேன் எழுதியது. 12 பார் ப்ளூஸ், அதாவது ஆறு ஆதி ஆவர்த்தனம். வேகம் அதிகம் என்பதால் இரண்டு அடிக்கு ஒரு தட்டாக எண்ணுங்கள்.

சேம்பர்ஸ் தலைவராக வந்த 'பேஸ் ஆன் டாப்' (1957) வில் போட்டு வாசித்த 'எஸ்டர்டேஸ்' என்ற உருப்படியோடு தொடங்குகிறது. அந்த வில்லோசை மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். ரசிகர்களிடையே இதில் இரண்டு கட்சி. எனக்கு அவர் விரலே போதும்.

ஆலிவர் நெல்சனின் 'த ப்ளூஸ் அண்ட் த ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்' (1961), கிட்டார்காரர் வெஸ் மாண்ட்கோமரியும் பியானோக்காரர் விண்டன் கெல்லியின் ட்ரியோவும் (மூவர் குழு) சேர்ந்த 'ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்' (1965) இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் பேஸ் சேம்பர்ஸ். பின்னதன் பெயரை நம்பி முழுவதும் நேரடிக் கச்சேரி என்று நினைக்க வேண்டாம். மூல எல்பியில் 'நோ ப்ளூஸ்', 'இஃப் யூ குட் சீ மீ நவ்' இரண்டுதான் அந்த கிளப்பில் பதிந்தவை. மீதி வான் கெல்டர் ஸ்டுடியோ.

இவ்வளவும் பழகிய பிறகு பில் எவன்ஸ் ட்ரியோ 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்ததற்குப் போங்கள். இங்கே பேஸ் ஸ்காட் லஃபாரோ. அவர் நான்கு அடி நடை போடாமல் பியானோவோடு எதிர்வாதம் செய்கிறார். சேம்பர்ஸ் காதில் ஏறாமல் இதைக் கேட்டால் தாளமே பிடிபடாது. முதலில் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற ஒற்றை ஆல்பம் போதும். அந்த நாளின் முழுப் பதிவையும் எடுத்தால், முதல் உருப்படியில் ஓரிடத்தில் ஒலி அறுந்து திரும்ப வரும். அங்கே மின்சாரம் போனதால் வந்தது அது. சிடியைத் துடைத்துப் பயனில்லை.