செயின் ரெஸ்டாரன்டும் சொந்தக் கடையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போகும்போதெல்லாம் ஒரே சண்டை. நான் செயின் ரெஸ்டாரன்ட் என்பேன். எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் என்ன வரும் என்று தெரியும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்களோ, ‘உனக்கு ருசி தெரியாது, உள்ளூர்க்காரன் பிழைப்பையும் கெடுக்கிறாய்’ என்கிறார்கள். உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?

க.

அன்புள்ள க.,

என் ஓட்டு முதலாளியே கூட இருந்து நடத்தும் சொந்தக் கடைக்குத்தான். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் இரண்டு காரணங்களையும் நான் ஏற்கமாட்டேன்.

முதலில் ருசி. சொந்தக் கடை என்றாலே நன்றாகச் சமைப்பார்கள் என்று யார் சொன்னது? சுமாரான கடைகள்தான் அதிகம். நமக்குத் தெரிந்த நாலு நல்ல கடைகளை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம், அவ்வளவுதான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவர் நோபல் பரிசு பெற அதுவே முக்கியக் காரணம். சரக்கின் தரம் வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பது அதன் கேள்வி. போகிற போக்கில் செயின் உணவகங்களையும் தொடுகிறார். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்த வட்டாரத்துக் கடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவருக்குச் சராசரிக் கடையைவிடச் செயின் மேல். அங்கேயே இருப்பவர் தனக்குப் பிடித்த இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார் என்கிறார்.

செயின் பிறந்த கதையும் அதுதான். ஃபிரெட் ஹார்வி 1876-ல் அமெரிக்காவின் டொபீகா ரயில் நிலையத்தில் தொடங்கிய உணவகம், பிறகு அந்த ரயில் பாதை நெடுக வளர்ந்தது. இந்தப் பயணி திரும்ப வரப்போவதில்லை என்ற தைரியத்தில் ரயில் நிலையங்களில் எதையாவது தட்டில் போட்டுக் காசு வாங்கிய காலம் அது. நானும் தெரியாத இடத்தில், இரவு நேரத்தில், கூடக் குழந்தையும் இருந்தால் யோசிக்காமல் செயினுக்குள் நுழைந்துவிடுவேன்.

அப்புறம் பிழைப்பு. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஏறக்குறைய 95 சதவீதத்தைக் கம்பெனி நேரடியாக நடத்துவதில்லை, ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள், அதாவது காசு கட்டி அதன் பெயரில் கடை நடத்த உரிமை வாங்கியவர்கள் நடத்துகிறார்கள். அவர்களில் பெரிய நிறுவனங்களும் உண்டு, சில கடைகளை மட்டும் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. அந்தக் கம்பெனியின் அடையாளமாகவே ஆகிவிட்ட பிக் மேக் பர்கரை 1967-ல் அறிமுகப்படுத்தியவர் ஜிம் டெலிகாட்டி. பென்சில்வேனியாவில் ஃபிரான்சைஸ் கடைகள் வைத்திருந்தவர். ஆனால் தன் கடையில் அதை விற்க அவர் தலைமையகத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

சொந்தக் கடையின் பக்கம் நான் சாய்வது இந்த ‘அனுமதி’ விஷயத்தால்தான். அங்கே உப்பு கூடிவிட்டால் கல்லாவில் இருப்பவரிடமே சொல்லலாம். அவர் முகம் சுளிக்கலாம், ‘இன்னிக்கு வேற மாஸ்டர்’ என்று சமாளிக்கலாம். ஆனால் மாற்ற நினைத்தால் நாளைக்கே மாற்றிவிட முடியும். செயினில் எதிரே நிற்கும் பையன் சிரித்த முகத்தோடு கருத்துப் படிவத்தை நீட்டுவான். பாவம், அவனால் வேறென்ன செய்ய முடியும்? பாதிச் சமையல் எங்கோ ஒரு பொதுச் சமையற்கூடத்தில் அளந்து கலந்து பொட்டலமாக வந்திருக்கும். எவ்வளவு நேரம் சூடாக்குவது என்பதைக்கூட ஒரு மணி அடித்துச் சொல்லும்.

சொந்தக் கடையில் தொல்லையும் உண்டு. முதலாளி படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும். பழகிய முகங்களுக்கு நல்ல மேஜை, புது முகத்துக்குக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜை. செயினில் அந்தப் பாகுபாடு குறைவு. யாரும் எதுவும் விசாரிக்காமல், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வர விரும்புபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. நீங்கள் அந்த ரகம் என்றால் நண்பர்களுக்காக மாற வேண்டியதில்லை.

அடுத்த சண்டையில் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். அவர்களுக்குப் பிடித்த கடை நன்றாக ஓடி மூன்று கிளை திறந்துவிட்டால் என்ன செய்வார்கள்? முதலாளி மூன்று கல்லாவிலும் உட்கார முடியாது. எழுதி வைத்த அளவும், மேனேஜரும், கருத்துப் படிவமும் வந்துவிடும். அப்போதும் அங்கேதான் போவார்களா? என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.